மிளகாய் வத்தலும் லேசர் பிரிண்டரும்

என் போட்டோ வீட்டுச் சுவரில் தொங்கக் கூடாது. உயிரோடு இருக்கும்வரை கூடாது. அதற்கப்புறம் மாலையோடு எப்படியும் தொங்கத்தான் போகிறது. அதுவரைக்குமாவது மானத்தோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று, ஆடித்தபசுக்கு மறுநாள் சபதம் எடுத்தேன்.

எங்கள் சங்கரன்கோவிலில் தபசு அன்றைக்கு, விவசாயிகள் வயலில் விளைந்ததைச் சப்பரத்தின்மேல் அள்ளி வீசுவார்கள். பருத்தி பறக்கும், வத்தல் பறக்கும். இந்த வருடம் ஒரு புண்ணியவான் வீசிய மிளகாய் வத்தல் சாமியை விட்டுவிட்டு நேரே என் இடது கண்ணுக்கு வந்தது. நான் வாயைப் பிளந்து அலறிய அந்தக் கணத்தில்தான் மச்சினன் அருண்பாண்டியன், "அத்தான், இங்கன பாருங்க" என்று செல்போனை அமுக்கினான். நல்ல போன். கண்ணீர்கூடத் துளித்துளியாகத் தெரிந்தது. தலையில் பருத்திப் பஞ்சு வேறு.

என் மனைவி கனகலட்சுமி அந்தப் படத்தைப் பார்த்துச் சோறு தண்ணி இல்லாமல் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, வீட்டுலயே கலர் போட்டோ போட ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்குவோம். இதைப் பெருசா எடுத்து முன் ரூம்ல மாட்டணும்."

"எதுக்குட்டி?"

"நம்ம கல்யாணத்துலகூட நீங்க இவ்வளவு உருக்கமா நிக்கலையே!"

முன் அறை லேசுப்பட்ட இடமில்லை. உரக்கடையில் வேலை பார்க்கும் நான், மதியம் கடை அடைத்ததும் வந்து கட்டிலில் விழுகிற இடம். கதவைத் திறந்தால் தாலுகா ஆபீஸ் போகிற தெரு. ஊரே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்த அறையில் ஜெராக்ஸ் கடை போட வேண்டும் என்று கனகம் முன்பு ஒருமுறை கேட்டாள். "கட்டிலை நகர்த்தினா நான் சாமியாராப் போயிருவேன்" என்று சொல்லித் தடுத்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது.

போட்டோ வேண்டாம் என்று நேராகச் சொன்னால் ஒரு போட்டோ இரண்டாகும். ஆகவே படிக்க ஆரம்பித்தேன். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து பிரிண்டர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கலர் போட்டோவுக்கு இங்க்ஜெட்தான். அது திரவ மை. நிறத்தோடு நிறம் குழையும். பளபளப்பான போட்டோத்தாளில் கன்னம் கன்னமாகவே இருக்கும். லேசரில் மையே கிடையாது, பொடி. அதைச் சூட்டில் ஒட்டவைக்கும். எழுத்து கத்தி மாதிரி விழும். முகம் மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி விழும்.

எனக்கு வேண்டியது அந்தச் சுவர்தானே!

"கனகம், லேசர்தான் வாங்கணும்."

"போட்டோவுக்கு இங்க்ஜெட்டுதான் நல்லதுன்னு சொல்லுதாங்க?"

"எவன் சொல்லுதான்? கண்ணு ஆபரேஷனே லேசர்லதான் பண்ணுதான். கண்ணையே சரி பண்ணுத சாமான், கண்ணு படத்தைச் சரியா போடாதா?"

"இங்க்ஜெட்டு சின்னதா அழகா இருக்குமே..."

"அது உன் தம்பி மாதிரிட்டி. நாலு நாள் சும்மா கிடந்தா காஞ்சு அடைச்சுக்கும்."

"லேசர் தாட்டியா இருக்குமே. எங்கன வைக்க?"

"முன் ரூம்ல வைப்போம்! என் கட்டிலை வேணும்னா கொஞ்சம் தள்ளிக்கிடலாம்."

இதை நான்தான் சொன்னேன். என் சொந்த வாயால் சொன்னேன். அந்த வத்தல் கண்ணுக்குப் பதில் வாய்க்குள் விழுந்திருக்கலாம்.

"என்னமோ, நீங்க படிச்சவங்க" என்று பெருமூச்சு விட்டாள். முகம் வாடிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

திருவேங்கடம் ரோட்டில் அல் அமீன் என்பவர் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். கலர் லேசர் என்றதும், "போட்டோவுக்கா அண்ணாச்சி?" என்று ஆரம்பித்தார். நான் கண்ணடித்தேன். அவர் என்னைத் தாண்டிக் கனகத்தைப் பார்த்தார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். ஆம்பளை மனசு ஆம்பளைக்குத்தான் தெரியும் என்று நெகிழ்ந்துபோனேன்.

கனகம் வாடிய முகத்தோடு ஒன்றிரண்டு கேள்வி மட்டும் கேட்டாள்.

"நிமிசத்துக்கு எத்தனை பக்கம் வரும்ணே? ஆதார் கார்டு ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல விழுமா? நாள் பூரா ஓடினா சூடாகாதுல்லா?"

என் போட்டோவுக்கும் ஆதாருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெற்றி காதை அடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் அடித்தோம். கன்னம் செங்கல். கண்ணீரைக் காணோம். பருத்திக்காட்டில் நட்டுவைத்த பொம்மை மாதிரி இருந்தேன்.

"சீ, இதை எப்படி மாட்ட?" என்றாள்.

"மனசைத் தேத்திக்கோட்டி" என்றேன். அன்று இரண்டு கை சோறு கூடுதலாக இறங்கியது.

மறுநாள் மதியம் படுக்க வந்தேன். கட்டில் இல்லை. அந்த இடத்தில் மேஜை. மேஜைமேல், ஜெராக்ஸும் எடுக்கிற அந்த லேசர். வாசலில் 'கனகா ஜெராக்ஸ்' என்று பலகை. தெருவரைக்கும் கூட்டம்.

"ஏட்டி, என்ன இது?"

"நீங்கதான முன் ரூம்ல வைக்கச் சொன்னிய."

"போட்டோ போடத்தான கேட்ட?"

"லேசர் வேணும்னு கேட்டா வாங்கித் தந்திருப்பியளா? அதான் இங்க்ஜெட்டு கேட்டேன். அல் அமீன் அண்ணன்ட்ட முன்னாடியே சொல்லி வச்சாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆளுக நிக்காவ."

நான் தள்ளி நின்றேன். கட்டில் போனால் போகட்டும், மானம் மிச்சம் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

மேஜைக்கு மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நான். வாய் பிளந்து, பஞ்சு ஒட்டி, ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் பளபளக்க.

"இது... லேசர் மாதிரி இல்லையே?"

"அது அல் அமீன் அண்ணன் கடை இங்க்ஜெட்டு. போட்டோவுக்கு அதாங்க நல்லது."

படத்துக்குக் கீழே, லேசரின் கத்தி மாதிரி எழுத்தில்: 'கடன் கொடுத்தவர் நிலைமை. தயவுசெய்து கடன் கேட்காதீர்கள்.'

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பட்டாவோடு வந்திருந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். மெல்ல என் தோளில் கை வைத்தார்.

"மொத்தம் எவ்வளவு தம்பி போச்சு?"