சுவருக்குள் ஓர் அப்பளம்

பொறுங்கோ அண்ணை ஒரு பொய்யர். "ஒரு மழை பெய்யட்டும், வந்து மூடிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அவர் வரவில்லை. வென்ட்வேர்த்வில்லில் என் வீட்டின் கீழ் அறைச் சுவரில், ஒரு தலை நுழையும் அளவுக்கு அவர் வெட்டிய ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

சிட்னியில் அவரைவிட மெதுவாக வேலை செய்த மனிதர் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாலம் கட்ட வந்தவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். தெருவைக் கிண்டியவர்கள்கூட ஒருநாள் மூடிவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் ஒரு சுவருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் "பொறுங்கோ". தேத்தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதே பதில்தான். அதனால் அந்தப் பெயர் வந்தது. அம்மா அப்பா வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொறுக்கத்தான் சொல்லியிருப்பார்.

எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. தெருவில் நின்று பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் இறங்கிப் போனால் வீட்டுக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஓர் இடம் இருக்கும். முன்னர் இருந்தவர்கள் புல் வெட்டும் இயந்திரத்தையும் உடைந்த கட்டில்களையும் அங்கே போட்டு வைத்திருந்தார்கள். செங்கல் சுவர், மண் தரை, நனைந்த நாயின் நாற்றம். அதை அறையாக்க வேண்டும் என்று நான் நின்றது ஆடம்பரத்துக்கு அல்ல. என் தம்பி றெஜிக்காக.

றெஜி அப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் யாரோ ஒருவருடைய கராஜில் வாடகைக்கு இருந்தான். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கும். அந்தக் கராஜின் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். தொலைபேசியில் பேசினால் அவன் பேச்சைவிட அவன் மூச்சுத்தான் எனக்கு அதிகம் கேட்கும். வீட்டில் மேலே எங்களுக்கே இடம் போதாது. கீழே ஒரு காய்ந்த அறை வேண்டும். அழகு வேண்டாம், காய்ந்திருந்தால் போதும்.

கவுன்சிலில் அனுமதி எடுத்து முடித்தபின், சாமான் கடைக்காரர் சொல்லித்தான் பொறுங்கோ அண்ணை வந்தார். வந்தவர் எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே கீழே இறங்கிப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தார். பிறகு மணந்து பார்த்தார். என் கணவர் சேவியர் என்னைப் பார்த்தார்.

"எப்ப முடியும் அண்ணை?" என்று கேட்டேன்.

"பொறுங்கோ தங்கச்சி. சுவர் கதைச்சுக்கொண்டிருக்கு."

"என்னவாம்?"

"உங்களைக் கொஞ்சம் சத்தம் போடாமல் நிக்கட்டாம்."

அன்றே அவரை அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் மனிதர் வேலையில் இறங்கினால் எங்கள் வாயை அடைத்துவிடுவார். சரிவின் மேல்பக்கச் சுவரை ஒட்டி வெளியே வாய்க்கால் வெட்டி, துளைபோட்ட குழாயை இறக்கி, சல்லி நிரப்பினார். உள்ளே தடித்த பிளாஸ்டிக்கை விரித்து அதன்மேல் கொங்கிரீட் போட்டார். சுவருக்கு ஈரம் தடுக்கும் பூச்சு அடித்தார். செங்கல்லை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மரச்சட்டம் நிறுத்தினார்.

அதற்குப் பிறகுதான் அப்பளம் வந்தது.

அவருடைய வேலைப் பையில் சுத்தியலுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் பொரித்த அப்பளம். பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது அறையின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து உடைப்பார். நொறுங்கினால் மூலை காய்ந்திருக்கிறது. வளைந்தால் ஈரம்.

சேவியர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "ஈரம் அளக்கிற மீட்டர் கடையில விக்குதே அண்ணை?"

"என்னட்டையும் ஒண்டு இருக்குத் தம்பி. அது நம்பர்தான் காட்டும். நம்பரைக் கடிச்சுப் பாக்கேலாது."

ஒருநாள் காலையில் ஒரு மூலையில் அப்பளத்தைக் காணவில்லை. பொறுங்கோ அண்ணைக்கு வியர்த்துவிட்டது. எலி வந்து போகிற வழி இருந்தால் தண்ணீர் வருகிற வழியும் இருக்குமாம். முழங்காலில் நின்று, டோர்ச் அடித்து, மத்தியானம் வரை சுவரின் அடியெல்லாம் தேடினார். நான் அவரைப் பார்க்கவில்லை. வேலைக்குப் புறப்பட்டு நின்ற சேவியரைப் பார்த்தேன். எலியின் மீசையில் அப்பளத் துகள் ஒட்டியிருந்தது.

எல்லாம் முடிந்து பிளாஸ்டர் பலகை அடிப்பது மட்டும்தான் மிச்சம். பலகை வந்து இறங்கிவிட்டது. பொறுங்கோ அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு நல்ல மழை பெய்யட்டும் தங்கச்சி. மழை காணாத சுவரை நான் மூடமாட்டன்."

அந்த நேரம் பார்த்து வானம் துடைத்து வைத்தது போலக் கிடந்தது. சிட்னி முழுக்கக் கடற்கரையில் சந்தோஷமாகப் படுத்திருந்தது. நாங்கள் மட்டும் மேகம் தேடினோம். அவர் தினமும் வந்து முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் வந்து அவரோடு நின்று பார்ப்பார். எதைப் பார்க்கிறார்கள் என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்கவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹோஸை இழுத்துவந்து மேல்பக்கச் சுவரில் பீய்ச்சி அடித்தேன். "இந்தாங்கோ மழை! போய்ப் பாருங்கோ!"

"அது ஹோஸ் தண்ணி தங்கச்சி. நீங்கள் காட்டின இடத்துக்குத்தான் போகும். மழை தனக்கு விருப்பமான இடத்துக்குப் போகும்."

"அங்க என்ரை தம்பி மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறான். இங்க நீங்கள் வானம் பாக்கிறியள்!"

"அவருக்காகத்தான் பாக்கிறன்," என்றார். பிறகு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆளோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

மழை ஒரு சனிக்கிழமை வந்தது. நாங்கள் தொலைபேசியை எடுக்கமுன் வாசலில் அவர் நின்றார். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் வடிய வடியச் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே போய்ச் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு, கிரிக்கெட் பார்ப்பவர் போல உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரே கூச்சல்.

"பிடிச்சிட்டன்! தங்கச்சி, ஓடி வாங்கோ, ஆளைப் பிடிச்சிட்டன்!"

மூலையில் நூல் போல ஓர் ஈரக் கோடு. கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரர் மாதிரி அதற்குப் பக்கத்தில் நின்றார். வெளியே மறுபடி கிண்டினார், குழாயை இன்னும் கீழே இறக்கினார், மறுபடி பூசினார். அடுத்த மழையில் கோடு இல்லை. அப்பளம் உடைந்த சத்தம் மேலே குசினிவரை கேட்டது என்று சேவியர் இன்றைக்கும் சொல்வார். அவருக்கு அப்பளச் சத்தம் எங்கிருந்தாலும் கேட்கும்.

பிறகு மளமளவென்று பலகை அடித்து, வெள்ளை பூசி, காற்றிழுக்கும் விசிறி பூட்டி, அறையை முடித்துவிட்டார். றெஜி ஒரு சூட்கேசும் கையில் மூச்சுக்கு அடிக்கிற பம்புமாக வந்து சேர்ந்தான். நாங்கள் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர். ஃபாதரைக் கூப்பிட்டு அறையை மந்திரித்த பிறகுதான் படுக்கை விரிப்போம். எங்கள் ஃபாதருக்குக் கை தாராளம். தீர்த்தத்தைத் தெளிக்க மாட்டார், வீசி அடிப்பார். செபம் முடிந்து எல்லோரும் சாப்பிட மேலே ஏறினோம்.

பொறுங்கோ அண்ணை யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். பிந்தி வந்தார். வழக்கம் போல யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே கீழே போனார்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நாங்கள் வாள் அறுக்கிற சத்தம் கேட்டு ஓடினோம். புது வெள்ளைச் சுவருக்கு முன்னால் மனிதர் முழங்காலில் நிற்கிறார். முகம் செத்த வீட்டு முகம். பலகையில் ஓட்டை.

"அண்ணை! என்ன வேலை பாக்கிறியள்!"

"சுவர் ஒழுகுது தங்கச்சி! நான் இன்னுமொரு மழை பாத்திருக்க வேணும். அவசரப்பட்டிட்டன்!"

"அது தீர்த்தம்! ஃபாதர் இப்பதான் தெளிச்சவர்!"

அவர் திரும்பி, படியில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்ற ஃபாதரைப் பார்த்தார். "சுவருக்குமோ?"

"கொஞ்சம் கூடிப்போச்சுப் போல," என்றார் ஃபாதர்.

நான் ஏசத் தொடங்கினேன். ஃபாதர் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை. பொறுங்கோ அண்ணைக்கு எதுவும் காதில் விழவில்லை. ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுச் செங்கல்லைத் தடவினார். விரல்களை உரசிப் பார்த்தார். பிறகு றெஜியைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் கையை விட்டுப் பாருங்கோ."

றெஜி விட்டுப் பார்த்தான். "காய்ஞ்சிருக்கு அண்ணை."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"நல்லாக் காய்ஞ்சிருக்கு."

அதற்குப் பிறகுதான் அவர் கதிரையில் இருந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். நான் ஏசுவதை நிறுத்தவில்லை.

"இதை எப்ப மூடுவியள்?"

"பொறுங்கோ. ஓட்டை இருக்கேக்கை ஒரு மழை பாப்பம். பிறகு வந்து மூடுறன்." சொல்லிக்கொண்டே ஃபாதரின் கோப்பையிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்து ஓட்டைக்குள் வைத்தார். ஃபாதர் மிச்சச் சோற்றைக் கையால் மூடிக்கொண்டார்.

அடுத்த மழை வருமுன் அவருடைய மகள் அவரை மெல்பேர்னுக்குக் கூட்டிப் போய்விட்டாள். ட்ருகனினாவில் வீடு. "எல்லாம் தட்டை நிலம் தங்கச்சி. ஒரு வீட்டுக்குக் கீழயும் ஒண்டுமில்லை. மனிசன் எங்க போய் இருக்கிறது?" என்று போனில் அழாத குறை. ஆனால் சிட்னியில் மழை என்று செய்தியில் சொன்னால் உடனே எங்களுக்குப் போன் எடுத்துவிடுவார். "தம்பியைக் கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ." றெஜி கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். "ஓம், காய்ஞ்சிருக்கு." "அப்ப சரி, வந்து மூடுறன்." அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

றெஜியின் பம்ப் இப்போது மேசை லாச்சிக்குள் தூசி பிடித்துக் கிடக்கிறது. அவன் பாட்டுப் பாடுகிறான். கேட்கச் சகிக்காது. ஆனாலும் நான் கேட்டுக்கொண்டுதான் சமைக்கிறேன். ஒருமுறை சேவியர் ஒரு பலகைத் துண்டு வாங்கிவந்து ஓட்டையை மூடப் போனார். நல்ல ஏச்சு வாங்கினார். அது என்னுடைய சுவர். யார் மூட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

போன மழைக்குத் தொலைபேசி வரவில்லை. நாங்கள் எடுத்துப் பார்த்தோம். அந்த இலக்கம் பாவனையில் இல்லையாம். ட்ருகனினாவில் தெரிந்தவர்களைக் கேட்டோம். "ஆளின்ரை பேர் என்ன?" என்றார்கள். பொறுங்கோ என்றோம். அவர்கள் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணை, நீங்கள் இந்தப் பத்திரிகை வாங்குவது எனக்குத் தெரியும். பொரித்த அப்பளத்தை இதன் மேல்தான் எண்ணெய் வடிய வைப்பீர்கள். வைக்கமுன் இந்தப் பக்கத்தைப் படியுங்கள். எனக்கு இரகசியமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். ஊரறிய வாக்குக் கொடுத்தவர், ஊரறியப் பதில் சொல்லுங்கள். இதே பத்திரிகையில், எல்லோரும் வாசிக்க, எப்போது வந்து அந்த ஓட்டையை மூடுவீர்கள் என்று எழுதுங்கள்.

இன்று காலையிலிருந்து இங்கே மழை. றெஜி கையை விட்டுப் பார்த்துவிட்டான். காய்ந்துதான் இருக்கிறது. உள்ளே புது அப்பளம் வைத்திருக்கிறோம். யாரும் உடைக்கவில்லை, சேவியரையும் கிட்ட விடவில்லை.

நாள் குறிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. "பொறுங்கோ" என்று மட்டும் எழுதினாலும் போதும்.