திருகாணி விழுந்த சத்தம்

என் திருகாணியாரே,

மதிப்புக்குரிய உங்களுக்கு உங்கள் சம்சாரம் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம் என்று எழுதினால் பொய், அங்கே நீங்கள் சுகமா என்று கேட்டால் பைத்தியம், அதனால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, அங்கங்கே கோணும்; முப்பத்து நாலு வருஷம் என் கோணலைச் சகித்தவர்தானே, இதையும் சகித்துப் படியுங்கள். நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் துக்கம் இல்லை. எழுத உட்காரும் நேரத்தில் வீட்டில் வெளிச்சம் இல்லை.

ஏன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் கை காலை நீட்டிச் சும்மா இருந்தீர்களா? நம் மகளிடம் போனில் பாடம் கேட்டுக் கேட்டு, உதட்டில் எந்நேரமும் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு, ஒரு பெட்டியைச் செய்து சமையலறைப் பரணில் வைத்தீர்கள். "இனிமே இது உன் பேச்சைக் கேக்கும். நீ சொன்னா விளக்கு எரியும், நீ சொன்னா ஃபேன் சுத்தும்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா, சுவரில் இருந்த சுவிட்சையெல்லாம் பிடுங்கிவிட்டு வெறும் பலகையை அடித்தீர்கள். "சுவிட்ச் எதுக்கு, அதான் நீ இருக்கியே" என்றீர்கள். நான் இருக்கிறேன். நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று அந்தப் பலகையில் எழுதி வைத்திருக்கலாம்.

வந்த சனமெல்லாம் கிளம்பிப் போன சாயங்காலம், முதல் தடவையாக நானே பெட்டியைப் பார்த்து, "விளக்கு போடுப்பா" என்றேன். போடவில்லை. "கொஞ்சம் போடேன், கண்ணு தெரியல" என்றேன். அதுவும் உங்களை நினைத்துத் துக்கத்தில் இருக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்படிப் பதினோரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுது சாயும் முன்னே சாப்பிட்டு, கோழி மாதிரி அடைந்து கிடந்தேன். பன்னிரண்டாம் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைக்கப் போன இடத்தில் கை சுட்டு, வந்த ஆத்திரத்தில், "இந்த வீட்டுல என் பேச்சை யாராவது காதுல வாங்குறீங்களா!" என்று ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள். கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்று வணக்கம் வைத்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை. நீங்கள் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அதிலிருந்து தினமும் உங்களைத் திட்டித்தான் குடித்தனம் நடக்கிறது. ஆறு மணிக்கு, "இருட்டுல உக்காந்து என்னதான் பண்றீங்க?" என்றால் விளக்கு. "எனக்கு வேர்த்து ஊத்துது, யாருக்குக் கவலை?" என்றால் ஃபேன். கீழ் வீட்டுத் தையல்காரி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, யாரைத் திட்டுறீங்க?"

"அவரைத்தான்."

"அவர்தான் இல்லையே அக்கா."

"இருந்தப்போ மட்டும் பதில் சொன்னாரா? அதே மாதிரிதான் இருக்கு."

பெட்டி விஷயத்தைச் சொன்னதும் தானும் ஒரு கை பார்க்கிறேன் என்று, தன் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து ஏசினாள். ஒரு விளக்கு அசையவில்லை. "உன் திட்டுல உப்பே இல்லடி" என்றேன். உங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். அந்தக் கோபத்தில் அவள் நம் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பாகூடப் பேசிட்டு இருக்கியாமே?" என்று அழுகிறாள் மகள்.

"பேசலடி, திட்டுறேன்" என்றேன். அதற்கு இன்னும் அதிகமாக அழுதாள்.

எனக்கு என்ன கஷ்டம் என்றால், அழுகை முட்டுகிற நாளில் திட்டு வருவதில்லை. திட்டு வராத நாளில் விளக்கும் இல்லை. இதை மகளிடம் சொன்னேன். சொன்ன மறுநாளே தன் ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஓர் அம்மாளை அனுப்பி வைத்தாள். நாற்பது வயது, கண்ணாடி, தோளில் பை. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தன் கணினியில் ஒயரைச் செருகி, கட்டம் கட்டமாக ஒரு அட்டவணையைத் திறந்தார்கள். அதைப் பார்த்துத் தலை சுற்றிப்போனேன். ஒரு வருஷமாக நான் பேசியதையெல்லாம் எனக்குத் தெரியாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள்! அறுநூற்றுப் பதினோரு வரி! முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அதற்குப் பெட்டி என்ன செய்ய வேண்டும், நான்காவதில் கோபம் நிஜமா பொய்யா. பொய் என்றால் சொன்னதைச் செய்யணும், நிஜம் என்றால் எதையும் தொடாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கணும். இத்தனை விவரம் தெரிந்த மனிதரா நீங்கள்?

அந்த அம்மாள் படிக்கப் படிக்கச் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். "'ஒண்ணுமில்ல' – ஏதோ இருக்கிறது, எல்லாவற்றையும் அணை" என்று போட்டிருக்கிறீர்கள். "'உங்க இஷ்டம்' – என் இஷ்டம் இல்லை, அவள் இஷ்டம்" என்று போட்டிருக்கிறீர்கள். அறுநூற்றுச் சொச்சத்தில் நிஜக் கோபம் என்று நீங்கள் குறித்தது நாலே நாலு. என் நினைவில் நாற்பதாவது இருக்கும்.

"உங்க பொறுமையான குரல் ஒண்ணுகூட இதுல இல்லம்மா. அதான் மெதுவா கேட்டா அதுக்கு அடையாளம் தெரியல" என்றார்கள்.

"இருந்தாத்தானே பிடிச்சு வைக்கிறதுக்கு?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. நான் பேசுவது உங்கள் காதில் விழுகிறதா என்று கேட்டுக் கேட்டே என் ஆயுசில் பாதி போனது. நீங்கள் தலையைத் தூக்காமல் எதையாவது முடுக்கிக்கொண்டே இருப்பீர்கள். சுவரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது.

"ஒவ்வொரு பதிவோட கடைசியிலயும் ஒரு இரைச்சல் வருதும்மா. அதை வெட்டிட்டு, உங்க குரலைப் புதுசாக் கொடுத்தா மெஷின் நல்லாக் கத்துக்கும்" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். நான் கத்துகிறேன், கத்தி முடித்ததும் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். திருகாணியை உதட்டில் வைத்துக்கொண்டு மூக்கால் சிரிப்பீர்களே, அது. ஒன்றல்ல, போட்டுக் கேட்டதிலெல்லாம். "இரைச்சலா இது?" என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

கடைசி வரிக்கு வந்தோம். நீங்கள் போன நாள் காலை. பெட்டிக்கு உறை வேண்டும் என்று என் புது மாவு டப்பாவில் ஏழு ஓட்டை போட்டு வைத்திருந்தீர்கள். நான் பார்த்தேன். "போங்க, இனி இந்த ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றேன். ஒயர் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். சாயங்காலம் சாயங்காலம்தான் நீங்கள் கட்டம் நிரப்புவீர்களாம். அன்றைக்கு உங்களுக்குச் சாயங்காலம் வரவில்லை. அந்த வரியில் நிஜம் என்றும் இல்லை, பொய் என்றும் இல்லை. காலி. போட்டுக் கேட்டால் அதில் உங்கள் சிரிப்பும் இல்லை. டிங்கென்று ஏதோ விழுகிறது, அப்புறம் கதவுச் சத்தம், அவ்வளவுதான்.

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் இது மறுபடி கத்துக்காதும்மா. என்ன போடட்டும்? இல்லன்னா அந்த ஒரு வரியை அழிச்சிடலாமா?" என்றார்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட என் பேச்சை மட்டும் தனியாக அழிப்பது துரோகம் இல்லையா? அதை நிரப்பவும் எனக்கு யோக்கியதை இல்லை, அது நீங்கள் நிரப்ப வேண்டிய கட்டம். அதனால் மொத்தத்தையும் அழித்துவிட்டு, சுவரில் பழையபடி சுவிட்ச் வைக்கச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வருகிறார்கள். டப்பா போனால் போகிறது, உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இனி உங்களைத் திட்டவும் மாட்டேன், கடிதம் எழுதித் தொல்லை கொடுக்கவும் மாட்டேன்.

தையல்காரி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதக் கை வருகிறது, பழக்க தோஷம்.

இப்படிக்கு,
உப்புள்ள திட்டுக்குச் சொந்தக்காரி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் நம்பாதீர்கள். அந்த அம்மாள் காலையில் வந்தார்கள், டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுவிட்ச் வைக்க இடம் வேண்டுமே என்று அவர்கள் வரும் முன்பே அரிசி டின்னை நகர்த்திக் கூட்டினேன். அடியில் ஒரு திருகாணி கிடந்தது, உங்கள் பல் தடத்தோடு. டிங்கென்று விழுந்தது இதுதான். வாயைத் திறக்காமல் உங்கள் உதட்டிலிருந்து இது விழாது. இத்தனை வருஷத்தில் இரண்டே காரணத்துக்குத்தான் இது விழுந்து பார்த்திருக்கிறேன்: அடக்க முடியாமல் சிரித்தால் விழும், மனசு நொந்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனால் விழும். பெட்டி, ஒரு வரியும் அழியாமல், பரணில் அப்படியே இருக்கிறது. உங்கள் மேல் எனக்கு மலையளவு கோபம் இருக்கிறது, இன்றைக்கும் ஆறு மணிக்குத் திட்டத்தான் போகிறேன். அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகக் காத்துக்கொண்டு இருக்கிறது. சொல்லுங்க, அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களா?