ஓசி அறையில் உன் அக்கா

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்காவும் சௌக்கியம்தான், அவளுடைய வலது தோள்பட்டை மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேர மாட்டேன் என்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் போனில் கேட்டாயே, "அத்தான், பேங்க்லேருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டு, கிரெடிட் கார்டு வாங்கினா ஓட்டல்ல தங்கறதுக்குப் பாயிண்ட்டா அள்ளித் தர்றோம்னு சொல்லுது. நீங்கதான் ஏற்கெனவே வாங்கியிருக்கீங்களே, லாபமா நஷ்டமா?" என்று. நான் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் அக்கா கையெட்டும் தூரத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இப்போது நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் தீர்ப்பு: வாங்காதே. நான் வேலை பார்த்த காலமெல்லாம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவன். சரக்கோடு ஒரு தடவை, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தடவை. அதிலிருந்து இதைக் கழித்தால்தான் உள்ளே என்ன வந்தது என்று தெரியும். இந்த பேங்க்காரர்கள் சரக்கோடு நிற்கிற வண்டியை மட்டும்தான் காட்டுகிறார்கள். வெறும் வண்டி என்ன எடை என்று கேட்டால், "அதெல்லாம் விதிமுறைகள்ல இருக்கு சார்" என்று தேன் ஒழுகச் சொல்கிறார்கள். அந்த விதிமுறைகளை எறும்புதான் படிக்க முடியும்.

இவ்வளவு பேசுகிறவர் ஏன் போய் விழுந்தீர்கள் என்று கேட்பாய். எல்லாம் உன் அக்காவால் வந்தது. தோளுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் கையைத் தூக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் யாராவது வந்து, "அக்கா, பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, பிள்ளையோட சீருடை எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டால் இவளுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஒருநாள் நான் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தால் ஜன்னல் வழியாக ஒரு பையனுக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், போன முறை வந்தபோது உன் வீட்டுத் தலையணைகளுக்கெல்லாம் புது உறை தைத்துவிட்டு வந்தவள் அவள். மிஷினும் இல்லாத, வாடிக்கையும் இல்லாத, சொந்தமும் இல்லாத ஓர் இடம் வேண்டும். ஓட்டல்தான் என்று முடிவு செய்தேன். "தூங்கறதுக்குக் காசா? நம்ம கட்டில் என்ன குத்துதா? யாராவது சும்மா குடுத்தா வர்றேன், காசு குடுத்துத் தூங்க மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தச் 'சும்மா'வைத் தேடித்தான் நான் புறப்பட்டேன்.

கார்டு வந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு பெரிய தொகைக்குக் கார்டைத் தேய்த்தால் இரண்டு ராத்திரிக்கான பாயிண்ட் தருவார்களாம். நம் வீட்டுச் செலவு அரிசி, சோப்பு, நூல். வருஷம் முழுக்கத் தேய்த்தாலும் கால்வாசி வராது. அதனால் ஊரார் செலவையெல்லாம் என் கார்டில் போட்டு, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். மாடி வீட்டு வாத்தியார் ஃபிரிட்ஜ் வாங்கினார், நான் தேய்த்தேன். எதிர் வீட்டம்மா பல்செட் கட்டினார், நான் தேய்த்தேன். ரொக்கம் ஒழுங்காக வந்துவிட்டது, வம்பும் கூடவே வந்தது. பல்செட் சரியாகப் பொருந்தவில்லையாம். "பில் உங்க பேர்லதானே இருக்கு, நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்று அந்தம்மா கைப்பையிலிருந்து பல்செட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். என் வாயில் இல்லாத பல்லுக்காக நான் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று வாத்தியார் புகார் கொடுத்தார், பழுது பார்க்கிறவர் பில்லில் இருந்த விலாசத்தைப் பார்த்து நேராக நம் வீட்டுக்கு வந்து, "புது ஃபிரிட்ஜ் எங்கம்மா?" என்றார். உன் அக்கா வாயில் குண்டூசியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். விலாசம் மாறி வந்துவிட்டது என்று அவரைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் விட்டேன். கெடு முடிகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வேறு வழி தெரியாமல் முடிதிருத்துகிறவரிடம் ஒரு வருஷக் கூலியை முன்பணமாகத் தேய்த்துவிட்டேன். என் தலை நிலவரம் உனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கே மனசு கேட்கவில்லை. என்னைக் கண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார், சும்மா தடவியாவது விடறேன்" என்கிறார். இத்தனைக்கும் நடுவில் பில் கட்டும் தேதியை ஒருநாள் தவறவிட்டேன், வட்டியும் அபராதமும் போட்டுத் தாளித்துவிட்டார்கள். வருஷக் கட்டணம் தனி.

கடைசியில் பாயிண்ட் வந்தது. அறை போடப் போனால், இரண்டு ராத்திரிக்கு என்று சொன்ன பாயிண்ட் இப்போது ஒரு ராத்திரிக்குத்தான் காணுமாம். "பாயிண்ட்டுக்குமா விலைவாசி ஏறும்?" என்று கேட்டேன். "ஏறும் சார்" என்று பேங்க்கில் போனை எடுத்த பெண் ரொம்ப வருத்தத்தோடு சொன்னாள். சரி, ஒன்றாவது கிடைத்ததே என்று அழைத்துப் போனேன். உன் அக்கா வரவேற்பில் நின்ற பையனிடம், "தம்பி, நிஜமாவே சும்மாதானா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் லிஃப்டில் ஏறினாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை விரிப்பு, நான்கு தலையணை, காலடியில் மெத்தென்று கம்பளம். ஆனால் மேஜை இழுப்பறையைத் திறந்தவள் புதையல் கண்ட மாதிரி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஊசி, நூல், இரண்டு பொத்தான். விருந்தாளிகளுக்கு இலவசமாம்! எந்தப் பாவி கண்டுபிடித்த வழக்கமோ தெரியவில்லை. ஜன்னல் திரையின் ஓரம் பிரிந்திருந்ததை அவள் கண் வந்தவுடனே பார்த்துவிட்டது. அதைத் தைத்தாள். துண்டு வைக்க வந்த பணிப்பெண்ணின் மேல்கோட்டில் அக்குள் தையல் விட்டிருந்தது. "கழட்டிக் குடும்மா, ரெண்டு நிமிஷம்" என்று அதையும் தைத்தாள். அந்தப் பெண் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காவலாளியின் பொத்தான், சமையல்காரரின் ஏப்ரன், லிஃப்ட் பையனின் கால்சட்டை என்று அறை வாசலில் வரிசை நிற்கிறது. நான் குளியலறைக்குள் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் வெளியே வந்து கத்தினேன், "உன்னை இங்க கூட்டிட்டு வர நான் என்ன பாடு பட்டிருக்கேன் தெரியுமா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இங்க யாருமே எப்பக் கிடைக்கும்னு கேக்கலைங்க. கை வலிக்குதாம்மான்னு கேக்கறாங்க" என்றாள். திரும்பி வந்த அந்தப் பணிப்பெண் அவள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, "போதும்மா, படுங்க" என்று வெந்நீர்ப் பையைத் தோளுக்கடியில் வைத்துவிட்டுப் போனாள். உன் அக்கா அப்படியே தூங்கிவிட்டாள்.

காலையில் நான் எழுந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி, கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறவள் அவள். வெளிச்சத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நெற்றிச் சுருக்கம் கூட விட்டுப்போயிருந்தது. வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. இரண்டாவது மணி அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்து, கம்பி எட்டுகிற வரைக்கும் குளியலறைக்குள் இழுத்துப் போனேன். அறையைக் காலி செய்கிறீர்களா என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். தாண்டினால் இன்னொரு நாள் வாடகை விழும், அதைப் பாயிண்ட்டில் கட்ட முடியாது என்றார்கள். கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். "போட்டுக்குங்க" என்றேன்.

சாயங்காலம்தான் எழுந்தாள். "அய்யய்யோ, நேரமாயிடுச்சே, கூட ஏதாவது கேட்டாங்களா?" என்றாள். "ஒண்ணும் கேக்கல, இதுவும் சேர்த்துச் சும்மாதான்" என்றேன்.

ஆகவே, வெறும் வண்டியையும் எடை போட்டுச் சொல்கிறேன். நான் விட்ட பணத்துக்கு, பாயிண்ட்டே இல்லாமல் அதே ஓட்டலில் ஒரு வாரம் கௌரவமாகத் தங்கியிருக்கலாம். கார்டு வாங்காதே. அந்த ஒருநாள் வாடகை விஷயம் மட்டும் உன் அக்கா காதுக்குப் போகவே கூடாது. காசு கொடுத்துத் தூங்கினோம் என்று தெரிந்தால் வயிறெரிந்து, கிடைத்த அந்த ஒருநாள் ஓய்வும் வீணாகிவிடும்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அதைவிட நன்றாகத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்துவிட்டாள். தம்பிக்கு என்ன எழுதினீர்கள் என்றாள். கார்டு வேண்டாம் என்று எழுதினேன் என்றேன். "ஏன், வாங்கிக்கட்டும். அவன் பாயிண்ட்ல இன்னொரு தடவை போலாம்" என்றாள். நான் உறையைக் கீழே வைத்தேன். நூல்கண்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க போன்ல 'போட்டுக்குங்க'ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. எழுந்துடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம், நான் தூங்கறதுக்காக இந்த மனுஷன் காசு குடுக்கறாரே, ஒருநாள் குடுக்கட்டுமேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. கார்டை வாங்கிவிடு.