பெண் பார்த்த இடத்தில் ஓர் ஊசி

பெண் இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் பாண்டுரங்கனுக்கு இரைப்பு வந்துவிட்டது.

லஸ் டிராமில் கண்டக்டரான அவன், மந்தைவெளிக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். மூச்சு விசிலடிப்பதைக் கேட்ட பெண்ணின் அப்பா தங்கவேல், திருஷ்டிதான் என்று சொல்லி சாம்பிராணி போட்டார். புகை பட்டதும் இரைப்பு இரட்டிப்பாயிற்று. மிளகுக் கஷாயம் கொடுத்தார்கள். அது புரையேறி, மாப்பிள்ளையின் முகமே நீலம் பாரித்தது.

பக்கத்து வீட்டில் வைத்தியசாலை வைத்திருந்த டாக்டர் அனந்தராமன் ஓடி வந்தார். கம்பவுண்டர் வலியுல்லா பாய் ஊசியில் மருந்து நிரப்பி நீட்ட, டாக்டர் அதை வாங்கி மாப்பிள்ளையின் கையில் குத்தினார். அதே சமயம் பெண் செண்பகம் காபியோடு வந்து நின்றாள்.

பாண்டுரங்கனின் நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது. உடம்பு சிலிர்த்தது. இரைப்பு போன இடம் தெரியவில்லை. இதற்கு முன் பார்த்த எந்தப் பெண்ணிடமும் இப்படி ஆனதில்லை என்பதால், காபியைத் தொடுவதற்குள் சம்மதம் சொல்லிவிட்டான். அங்கேயே தாம்பூலமும் மாற்றியாயிற்று.

மறுநாள் நன்றி சொல்லப் போனவனுக்கு டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். பயமோ ஆசையோ வந்தால் மூளை நரம்பு வழியாக அதற்குத் தந்தி அடிக்குமாம். உடனே அது ஒரு சாற்றை ரத்தத்தில் கலக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சுக்குழல் விரியும்.

"ஊசியில ஏத்தினது அந்தச் சாறுதான். உன் நெஞ்சு அடிச்சுண்டது அதனாலதான்" என்றார்.

பாண்டுரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து சொன்ன சம்மதத்தை வைத்து ஒரு பெண்ணை ஏமாற்ற அவனுக்கு மனம் வரவில்லை. நேரே தங்கவேல் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னான். தங்கவேல் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"இன்னொரு ஊசி போட்டுக்கச் சொல்லு நைனா. நான் இல்லாத எடத்துல நெஞ்சு அப்டி அடிச்சா, இந்தக் கல்யாணம் வேணாம்."

வைத்தியசாலையில் டாக்டர் இல்லை. பாண்டுரங்கன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நேற்றுப் போட்ட அதே மருந்தைப் போடச் சொல்லிக் கெஞ்சினான். வலியுல்லா பாய் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டாக்டராண்ட சொல்லிடாத தம்பி. அந்த மருந்து தீந்து ஒரு வாரமாவுது. நேத்து நான் ரொப்பிக் குடுத்தது வெறும் தண்ணி."