இரண்டு புள்ளி ஒன்பது

வெள்ளிக்கிழமைக்குள் உலகத்தில் நியாயத்தை நிலைநாட்டியே தீருவது என்று திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். நான்கு நாள் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன்.

பழைய மேசை விளக்குகளைப் பழுது பார்த்து இணையச் சந்தையில் விற்பவன் நான். மகள் கல்யாணமாகிப் போனதும் அவளுடைய அறை காலியானது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு வருடமாகிறது.

என் கடையின் நட்சத்திர மதிப்பு ஐந்துக்கு இரண்டு புள்ளி ஒன்பது. மூன்றுக்குக் கீழே இறங்கியவனைச் சந்தை நாற்பதாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அங்கே மனிதர்கள் வருவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மூன்றைத் தொடாவிட்டால் கடைக்கே பூட்டு.

நான் செய்த குற்றம்? ஒருவர், 'விளக்கு அருமை, பெட்டி நசுங்கியிருந்தது' என்று ஒற்றை நட்சத்திரம் தந்தார். நசுக்கியது கூரியர்காரர். இன்னொருவர், 'கை தவறிப் பட்டுவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒன்று தந்தார். நான் மன்னித்தேன், சந்தை மன்னிக்கவில்லை. கொலைகாரனுக்குக்கூட வக்கீல் உண்டே என்று அடிக்குறிப்புகளோடு பதினொரு பக்கம் மேல்முறையீடு எழுதினேன். நாலே நொடியில் பதில்: 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' சந்தையின் அறுபது பக்க விதிமுறைகளை, நடை சகிக்காமல், மூன்றாம் பக்கத்திலேயே மூடியவன் நான். நாலு நொடியில் பதினொரு பக்கத்தை முடித்த அந்த இயந்திரத்தின் வேகம் எனக்கு வராது.

கதவு தட்டப்பட்டது. மனைவி.

"ஏங்க, டீ ஆறுது."

"வெச்சுட்டுப் போம்மா. நியாயம் கேட்டுட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"கம்ப்யூட்டர்கிட்ட."

"அது என்னைக்காவது உங்ககூட உட்கார்ந்து டீ குடிச்சிருக்கா?"

"தொந்தரவு பண்ணாதே."

போய்விட்டாள்.

செவ்வாயன்று அதிசயம் நடந்தது. 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒருவர் பித்தளைக் கழுத்து விளக்கு ஒன்றைக் கேட்டார். வாங்குபவரின் முகவரியைச் சந்தை தராது, பார்சலின் மேல் ஓர் எண் மட்டும்தான். தெருமுனைக் கடையில் ஒப்படைத்தால் அவரே வந்து வாங்கிக்கொள்வார். அதோடு ஒரு கேள்வியும் வந்தது: 'நீங்களே ரிப்பேர் பண்ணினதா?'

இதை யாரும் கேட்டதில்லை. ஸ்விட்ச் பிடிவாதம் பிடித்தது முதல் ஒயர் மாற்றியது வரை எல்லாம் எழுதினேன். 'அப்புறம்?' என்று வந்தது. அப்புறமும் எழுதினேன். மூன்று நாள். கடைசியில் மனம் விட்டு, 'வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை' என்றேன். 'அப்படியா?' என்று மட்டும் வந்தது.

வெள்ளி காலை ஐந்து நட்சத்திரம் விழுந்தது. 'விளக்கு நன்றாக எரிகிறது. கடைக்காரர் நன்றாகப் பேசுகிறார்.' என் மதிப்பு மூன்று!

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினேன். ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் பித்தளைக் கழுத்து விளக்கு.

"நீயா?"

"நான்தான்."

"ஆளில்லைன்னு எழுதினேனே..."

"படிச்சேன்."

"படிச்சுமா அஞ்சு குடுத்தே? கடையையே காப்பாத்திட்டியே!"

கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'ஒரே வீட்டிலிருந்து மோசடி மதிப்பீடு. விதி பதினேழு. உங்கள் கடை நிரந்தரமாக மூடப்பட்டது.'

"அநியாயம்! உண்மையா குடுத்த ஒரே அஞ்சு இது! இதைப் போய் மோசடிங்கிறானே! பதினேழாவது விதின்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு," என்றபடி இரண்டு கோப்பைகளில் டீயை ஊற்றினாள். "அறுபது பக்கமும் படிச்சுட்டுத்தாங்க அஞ்சு குடுத்தேன்."