டெமோ மாமாவும் ‘வெளியேறு’ பட்டனும்

இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரு பொருளைக்கூட விலை கொடுத்து வாங்காமல், எல்லாப் பொருளையும் அனுபவித்து முடித்த ஒரே மனிதர் மந்தைவெளி டெமோ மாமாதான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு வெகுகாலம் தெரியாது. கேட்டால், “பேர் எதுக்கு ஓய்? சும்மா பாக்கத்தானே வந்தேன்” என்பார்.

அவர் வீட்டைப் பெருக்கியது யார் தெரியுமா? வேக்குவம் கிளீனர் கம்பெனிக்காரர்கள். ஒரு கம்பெனி வந்து கூடத்தில் டெமோ காட்டிவிட்டுப் போகும். அடுத்த வாரம் வேறொரு கம்பெனி படுக்கையறையைச் சுத்தம் செய்யும். ஒட்டடைக்கு மூன்றாவது கம்பெனி. குடிதண்ணீருக்கு, “ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்” என்று யாரோ மாட்டிவிட்டுப் போன பியூரிபையர். வாரம் முடிந்தால் அடுத்தவர் தயாராக நிற்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிப் பாண்டி பஜார் வருவார். அங்கே ஒரு கடையில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து பேப்பரை முழுக்கப் படித்துவிட்டு, “இடுப்புக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேணும்ப்பா, கம்பெனிக்கு எழுது” என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு நாள் அவரைக் காணோமென்று அந்தக் கடை மேனேஜரே போன் போட்டு உடம்புக்கு என்னவென்று விசாரித்தாராம்!

அப்படிப்பட்டவர் என் வாழ்க்கைக்குள் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் நான் யாரென்று சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் சைதாப்பேட்டைத் தையற்கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைதான் பிற்பாடு தி. நகரில் தையல் வகுப்பு வைத்தது. இன்று இந்த ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அதைத் தைத்தவர் என்னிடம் கற்றவராக இருக்க வேண்டும், அல்லது என்னிடம் கற்றவரிடம் கற்றவராக இருக்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார் வீட்டுக்காரர். என்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்: ‘ஆடி முடிவதற்குள் அனைவரும் வெளியேறவும்.’ காலையில் வந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தபோது, கதவுச் சாவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

தி. நகரில் வேறு இடமா? கேட்ட அட்வான்ஸில் எனக்கு மயக்கம் வந்தது. அப்போது படித்துக்கொண்டிருந்த பெண்கள் உள்பாவாடை வரைதான் வந்திருந்தார்கள். ரவிக்கை வெட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. உள்பாவாடையோடு நின்றுபோனவளுக்குத் தொழில் ஏது? கே.கே. நகரிலிருந்து வரும் செல்வி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவருகிறவள். அந்தத் தாளைப் பார்த்ததும், “அப்ப அவ்ளோதானா மாஸ்டர்?” என்றாள். நான் அளவு டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினேன்.

எங்கள் வகுப்பில் வெட்டு சொல்லிக்கொடுப்பவர் பிலோமினா டீச்சர். அன்று காலை வாசலில் என் சாவியை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. அவர்தான் சொன்னார்: “ஆன்லைன்ல நடத்தலாம் மாஸ்டர். அதுக்குன்னே சாப்ட்வேர் கம்பெனிங்க இருக்கு.”

“துணிய கம்ப்யூட்டர்ல எப்டி டீச்சரம்மா வெட்றது? இன்னா பேசுறீங்க!”

“கம்பெனிங்கள வரச்சொல்லி டெமோ பாப்போம். பாக்கறதுக்கு எங்க பக்கத்து வீட்டு அங்கிளைக் கூட்டிட்டு வரேன். டெமோ பாக்கறதுல அவரை மிஞ்ச ஆளே இல்ல.”

வந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு போன். கண்ணாடி முழுக்க விரிசல். பின்மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ரப்பர் பேண்ட்தான்.

முதல் கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். பெரிய திரையில் படம் படமாகக் காட்டினார். நான் பாதியிலேயே மயங்கி, கையெழுத்துப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன். டெமோ மாமா மட்டும், “இதெல்லாம் இருக்கட்டும். என் போன்ல போட்டுக் குடு” என்றார். போட்டுக் கொடுத்ததும் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் திரையில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் வாளி தெரிந்தது. பக்கத்தில் ஒரு குழாய்.

“கேக்கறதா?” என்றது குரல், எதிரொலியோடு.

“சார், எங்க இருக்கீங்க?”

“பாத்ரூம்ல.”

பிலோமினா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாமா! இன்னா வேலை இது? வெளிய வாங்க!”

“இரும் ஓய்! ஒம்ம ஸ்டூடண்ட்ஸெல்லாம் ஏசி ஹால்லயா ஒக்காந்துண்டிருக்கா? அடுப்படியிலயும் மாடிப்படியிலயும் ஒக்காந்துண்டுதான் பாக்கப்போறா. ஓட்டைப் போன், ஒரு கோடு சிக்னல். அதுல வரதான்னு பாக்க வேண்டாமா?”

டைக்காரர், “எங்க சாப்ட்வேர்ல சார்…” என்று ஆரம்பித்தார். டெமோ மாமா வெளியே வந்து போனைக் காட்டினார். அதில் டைக்காரர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். எங்கள் எதிரே நின்ற நிஜ டைக்காரரும் அதே மாதிரிதான் நின்றார்.

“ரெண்டு பேர்ல எது ஓய் போன்?” என்று கேட்டுவிட்டு மாமா உட்கார்ந்தார்.

இரண்டாவது கம்பெனி அந்தக் குளியலறைச் சோதனையைத் தாண்டியது. அப்பாடா என்று நினைத்தேன். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். பொம்மைக்கு மாட்டியிருந்த மாம்பழ மஞ்சள் ரவிக்கையைக் கழற்றினார். நான் என்னவென்று கேட்பதற்குள் அதைத் தம் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றுவிட்டார்!

ஐம்பது வருஷமாக ரவிக்கை பார்த்தவன் நான். அப்படியொரு காட்சியை என் கண் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்து, மகளை வகுப்பில் சேர்க்க ஒரு அம்மாள் படியேறி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவர்தான்.

“மாமா, என் மானம் போய்க்கினே கீது!”

“போகட்டும். டீச்சர், திரையில பாருங்கோ. கொக்கி எந்தப் பக்கம் இருக்கு?”

டீச்சர் பார்த்தார். முகம் மாறியது. “ஐயையோ, மாத்தி இருக்கு மாஸ்டர்! கொக்கி வரவேண்டிய பக்கம் வளையம் வருது.”

“அது கண்ணாடி மாதிரி தெரியும் சார். சின்ன செட்டிங்தான்” என்றார் கம்பெனிக்காரர்.

“மாத்து.”

அவர் தேடினார். தடவினார். ஆபீசுக்குப் போன் போட்டார். நெற்றி வேர்த்தது. “அடுத்த அப்டேட்ல வரும் சார்.”

“அதுவரைக்கும் இந்த ஊர்ப் பொம்மனாட்டியெல்லாம் இடது கையால கொக்கி போட்டுக்கணுமா? கெளம்பு.”

மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமா குறட்டை விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. திடீரென்று கண் விழித்து, “நான் தூங்கறச்சே சொன்னதைத் திரும்பப் போடு” என்றார்.

“லைவ்ல போனது போனதுதான் சார்.”

“கே.கே. நகர்ல ஒரு பொண்ணு மாமியாருக்குக் கஞ்சி குடுக்க எழுந்து போவா. திரும்பி வரதுக்குள்ள கழுத்து வெட்டு முடிஞ்சுடும். அவ யார் கழுத்தை வெட்டுவா?”

அந்த ஆளும் போனார். ஆடியும் போய்க்கொண்டிருந்தது. அதே கட்டடத்தில் எதிர் வீடுகள் காலியாகிவிட்டன. எங்கள் வாசலில் அந்தத் தாள் மட்டும் வெயிலில் பழுத்துக்கொண்டிருந்தது. செல்வி தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

கடைசியாக வந்தவள் நித்யா என்ற பெண். சின்னக் கம்பெனி. டை இல்லை, படம் இல்லை. மாமாவின் ஓட்டைப் போனில் குளியலறையிலிருந்து தெளிவாக வந்தது. மஞ்சள் ரவிக்கைக்குக் கொக்கி சரியான பக்கம் விழுந்தது. (மறுபடியும் மாட்டிக்கொண்டார். இந்த முறை கதவைச் சாத்திவிட்டேன்.) தூங்கி எழுந்தவருக்கு, பாடம் முதலிலிருந்து திரும்ப ஓடியது. மெதுவாக ஓடு என்றால் மெதுவாக ஓடியது.

அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. வகுப்பில் டீச்சர் துணியை வெட்டும்போது எல்லோரும் மேசையைச் சுற்றி மொய்ப்பார்கள். பின்னால் நிற்பவளுக்குத் தெரிவது முன்னால் நிற்பவளின் முதுகுதான். இதில் கத்தரிக்கோல் முனைக்கு நேர் மேலே கேமரா! எல்லோரும் முதல் வரிசை. பஸ் இல்லை, தண்ணீர் தேங்கிய தெரு இல்லை. விட்டதைத் திரும்பப் பார்க்கலாம். இத்தனை காலம் இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று எனக்கு அதிர்ச்சி.

“இதான் மாமா! இதுவே போதும்!” என்று பேனாவை எடுத்தேன்.

நித்யா சிரித்தாள். “எல்லாமே தமிழ்லயே இருக்கு சார். கிளாஸ் முடிஞ்சதும் இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினாப் போதும்.”

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் கறுத்தது. போனை மேசையில் வைத்தார்.

“இது வேண்டாம்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. “இன்னா மாமா? இன்னா கொற கீது இதுல?”

“வெளியேறுன்னு போட்டிருக்கே ஓய்!”

“போட்டா?”

“ஆத்துக்கு வந்தவாகூட போறச்சே போறேன்னு சொல்லப்படாது, போயிட்டு வரேன்னுதான் சொல்லணும். இவா என்னடான்னா வெளியேறுங்கறா!”

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குள் உடைந்தது. கத்தினேன். “யோவ் மாமா! வாசல்ல பாத்தியா? என்னையே வெளியேறுன்னு ஒட்டி வச்சிருக்கான்! ஆடி முடியப்போவுது. என் கிளாஸே போய்க்கினு கீது. உனக்கு ஒரு வார்த்தைதான் பெருசா?”

நித்யா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டெமோ மாமா கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: “அந்த வார்த்தையைப் படிச்சுட்டு நீர் எப்படி நின்னீர்னு டீச்சர் சொன்னா. அதையே தினம் கிளாஸ் முடிஞ்சதும் அந்தப் பொண்கொழந்தைகளுக்கு நீர் காட்டப்போறீரா?”

எனக்கு அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நித்யா பையைக் கீழே வைத்துவிட்டு மேசையிலிருந்த போனை எடுத்தாள்.

“சார், பட்டன்ல எழுத்தை மாத்திக்கலாம். என்ன போடணும்?”

“போயிட்டு வரேன்.”

தட்டிப் பார்த்தாள். “அது பட்டன்ல கொள்ளாது சார்.”

மாமா யோசித்தார். “அப்போ ‘போயிட்டு’ எடுத்துடு. ‘வரேன்’ மட்டும் போதும்.”

ஆடி முடிவதற்குள் மேசைகளையும் மெஷின்களையும் என் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டேன். அந்தத் தாளை நானே கிழித்து எறிந்தேன். முதல் ஆன்லைன் வகுப்பில் செல்வி சமையலறையிலிருந்து வந்தாள். குக்கர் விசில் அடித்தது, மாமியார் கூப்பிட்டார், எழுந்து போனாள். மறுநாள், விட்ட பாடத்தைத் திரும்பப் பார்த்து வெட்டிய துணியைத் திரையில் காட்டினாள். கழுத்து வளைவு கச்சிதம்! என் வகுப்பில் வேறு எப்படி இருக்கும்?

ஆனால் நான் திடுக்கிட்டது அதற்கில்லை. மாணவிகளின் கட்டங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் டெமோ மாமா உட்கார்ந்திருந்தார்! அவர் பெயரே அன்றுதான் எனக்குத் தெரிந்தது, திரையில் எழுதியிருந்ததே.

“மாமா, டெமோ முடிஞ்சுபோச்சே!”

“டெமோ இல்ல ஓய். பணம் கட்டிச் சேந்துட்டேன்.”

தண்ணீரைக்கூட விலைக்கு வாங்காத மனிதர்! பிலோமினா டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “உண்மைதான் மாஸ்டர், கட்டிட்டாரு. ஆன்ட்டி தவறிப் போனதுலேர்ந்து அங்கிள் வீட்டுக்கு வர்றவங்க யாரு? அந்தக் கம்பெனிக்காரங்கதான்” என்றார்.

இப்போது அவர் ரவிக்கை வரை வந்துவிட்டார். வெட்டுவது படுமோசம். என் வகுப்பின் சரித்திரத்தில் ரவிக்கைக்குக் கை பொருத்தும் கைக்குழியை இப்படி எவரும் வெட்டியதில்லை. தினமும் வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருத்தியாக ‘வரேன்’ அமுக்குவார்கள், கட்டங்கள் மறையும். கடைசியில் மந்தைவெளிக் கட்டம் மட்டும் மிஞ்சும். அதில் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருப்பார்.

எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. பெரிய மனுஷன் நான், என் நேரத்துக்கு மதிப்பு உண்டு. என்றாலும் அவர் நூல் கோத்து முடித்து, “சரி ஓய், வரேன்” என்று சொல்லும்வரை அந்தப் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட நான் முதலில் அமுக்கியதில்லை.