அலமாரியில் ஐந்து ஊர்

இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து காதுக்காரி குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. இந்த லட்சணத்தில், விடிந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்து உப்புத்தாளால் கோப்பைகளின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பீங்கான் பட்டறையில் பச்சை மண் கோப்பைக்குப் பிடி ஒட்டுவது அவள் வேலை. பிடியை அங்கே காது என்பார்கள். அதனால் அவளுக்கும் அந்தப் பெயர்.

முதலாளியம்மா வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் சுற்றப் போவார். பார்த்த கடலும் மலையும், திரும்பி வந்ததும் கோப்பைகளில் வண்ணமாக ஏறும். அடியில் பட்டறை முத்திரை. பக்கத்தில் ‘கடலோரக் கிராமம்’, ‘மலைச்சரிவு’ என்று ஒரு சீட்டு. விலையைக் கேட்டால் காதுக்காரிக்குச் சோறு இறங்காது.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கல்யாணம் பேசும்போது, “ஊர் ஊரா வண்டியிலயே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்” என்றவர். காட்டவில்லை. தூரத்து லோடு போய்த் திரும்பும்போது மட்டும் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கோப்பை கொண்டுவருவார்.

“கடலோரத்துல வாங்கினேன். அங்க மட்டும்தான் கிடைக்கும்.”

முதல் கோப்பையைத் தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதின் அடியில் அவளுடைய கோணல் கட்டைவிரல் தடம். சின்ன வயதில் செங்கல் சூளையில் நசுங்கிய விரல், வேறு யாருக்கும் அப்படிப் பதியாது. போன இடத்தில் வாங்க மறந்துவிட்டு, வருகிற வழியில் பட்டறைக் கடையில் வாங்கி ஊர்க்கதை விடுகிறார். சுட்டு வண்ணம் ஏறிவிட்டால் இவளுக்கு அடையாளம் தெரியாது என்று நினைப்பு. நாலு பேர் காது ஒட்டுகிற இடத்தில் இந்த மனுஷன் கைக்கு என் கோப்பையே வந்து மாட்டுதே என்று அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க மனசு வராது.

“கடல் எப்படிங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்பாள்.

இன்று விடிகிற நேரத்தில் பட்டறைக் கடைப் பெண் போன் பண்ணினாள். “அக்கா, மேடம் உங்களைப் பாக்க வராங்க.”

போன வாரம்தான் கடையில் சரக்கு குறைகிறதென்று முதலாளியம்மா எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டிருந்தார். இங்கே அலமாரியில் ஐந்து கோப்பை. திருட்டு என்று நினைத்தால் வேலை போச்சு. புருஷன் உங்கள் கடையில் வாங்கினார் என்றால் அவர் மானம் போச்சு.

அதனால் முத்திரையைத் தேய்த்தாள். ஐந்தையும் தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது. முத்திரை இருந்தாலாவது வாங்கியது என்று சொல்லலாம். தேய்த்துவிட்டால் திருட்டேதான்.

இடுப்பு பிடித்த அன்று ஊறப்போட்ட போர்வை வாளியிலேயே கிடந்தது. அதற்குள் ஐந்தையும் திணித்தாள்.

வீட்டுக்காரர் முகம் துடைத்துக்கொண்டே வந்தார். “கோப்பையெல்லாம் எங்க?”

“கழுவ எடுத்தேன்.”

“நல்லதாப் போச்சு. மேடத்துக்கு எவர்சில்வர் டம்ளர்லயே குடு.”

ஆள் கிடைத்தால் ஊர்க்கதையை விடாத மனுஷன் இன்று ஏன் இப்படி என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. வாசலில் செருப்புச் சத்தம்.

முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கூட வந்த கடைப் பெண், வீட்டுக்காரரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இடுப்பு எப்படிம்மா இருக்கு?”

“குனியாம இருந்தா பரவால்ல மேடம்.”

“அப்புறம் வாளி எதுக்கு நடுவுல?”

“சும்மா துணி மேடம்.” நகர்த்த எழுந்தாள். இடுப்பு சுரீர் என்றது.

“நீ உக்காரு, நான் காயப்போடுறேன்” என்றார் வீட்டுக்காரர்.

“அது இன்னும் அலசவே இல்லங்க.”

“அலசிக்கிறேன்.”

“இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை காயப்போட்டதில்ல. இன்னைக்கு என்ன வந்துச்சு?”

“மேடம் முன்னாடி மானத்தை வாங்காத” என்று போர்வையை உருவி ஓங்கி உதறினார்.

முதலாளியம்மா மேல் சோப்புத் தண்ணீர் தெறித்தது. கடலோரக் கிராமம் கட்டிலுக்கு அடியில் உருண்டது. மலைச்சரிவு சுவரில் முட்டியது. மற்ற மூன்றும் முதலாளியம்மாவின் காலடியில் போய் நின்றன. ஒன்றில்கூடக் காது உடையவில்லை. அந்த நேரத்திலும் காதுக்காரிக்கு அதில் ஒரு பெருமை.

முதலாளியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பினார். தேய்ந்த இடத்தை விரலால் தடவினார்.

“இது நம்ம கோப்பைதானே?”

வீட்டுக்காரர் போர்வையோடு நின்றார். அந்த முகத்தைக் காதுக்காரி பார்த்தாள். வேலை போனால் செங்கல் சூளை இருக்கிறது.

“நான்தான் எடுத்தேன் மேடம். அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

கடைப் பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஏங்க்கா, அஞ்சுக்கும் பில்லு போட்டதே நான்தான். அண்ணன் வந்தா கடையில இருக்கிற கோப்பையெல்லாம் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாப்பாரு. ‘என் வீட்டுக்காரி கட்டைவிரல் பதிஞ்சதாக் குடும்மா, அவ செஞ்சது அவ வீட்டுலயும் இருக்கட்டும்’பாரு. அப்புறம் எதுக்குண்ணே வெளியூர்ல வாங்கினதாப் பொய் சொல்றீங்கன்னு கேட்டா, ‘ஊர் ஊராக் காட்டுறேன்னு சொல்லிக் கட்டிக்கிட்டேன், ஒரு ஊரும் காட்டல, அந்தக் கடன் இன்னும் அப்படியே நிக்குது’ம்பாரு.”